ஒரே ஏற்றம், ஒரே இறக்கம்

ஏப்ரல் 9

சின்னவளே,

நேற்று திரையில் நாம் மூன்று பேரும் அரைமணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். யார் நன்றாக நடித்தோம் என்றுதான் தெரியவில்லை. நீ முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசினாய். அம்மா ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டும் தெரிந்த நான் நடுவில் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் அம்மாவின் காதுக்கு எட்டாத மூலை கிடையாது. அதனால் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மருத்துவரைப் பார்த்தோம். நுரையீரல் இன்னும் இறுகியிருக்கிறது. சின்ன மகளிடம் ஒருமுறை கூட்டிப்போகலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "நேரா போற விமானம்னா சரி. ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். ஆக்ஸிஜனோட அனுப்பலாம். நடுவுல இறக்கி, எங்கயோ காத்திருக்க வச்சு, மறுபடி மேல ஏத்துறதுன்னா நான் சம்மதிக்க மாட்டேன். போறதா இருந்தா இந்த வருஷமே போயிட்டு வந்துடுங்க." கடைசி வாக்கியத்தை அவர் அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

நீ வர முடியாது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ், இதயமும் பலவீனம், பறக்கவே கூடாது என்று உன் டாக்டர். என் சிறுநீரகமும் உனக்குப் பொருந்தித் தொலைக்கவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. சின்னவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்றே சொல்லிவைத்திருக்கிறோம். ஆக உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு விமானம். உன் நிறுவனத்தின் விமானம். அது எங்கள் ஊருக்கு வருவதை நிறுத்தியபோது கணக்குப் போட்டுக் கொடுத்தவள் நீ.

குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை என்று எழுதப் போனேன். அது பொய் என்பதால் விட்டுவிட்டேன்.

நான் இங்கே விமான நிலையத்தில் நிறுவனங்களை வரவழைக்கும் பிரிவு. நீ அங்கே எந்த ஊருக்குப் போகலாம், எந்த ஊரை விடலாம் என்று பார்க்கும் பிரிவு. அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்திருப்பார். எங்கள் வெளிநாட்டுப் பகுதியில் இப்போது கயிறு கட்டி உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருக்கிறார்கள். உங்கள் கவுண்டரின் பெயர்ப்பலகையை மட்டும் நான் கழற்ற விடவில்லை. துணி போட்டு மூடியிருக்கிறேன்.

குளிர்கால அட்டவணையில் வருமா, வராதா? அதை மட்டும் சொல்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

சொல்ல முடியாது. தெரியாது என்பதால் அல்ல, தெரியக்கூடாது என்பதால். அந்தத் தடத்தை நிறுத்திய பிறகு, உங்கள் ஊரில் என் குடும்பம் இருக்கிறது, நீ அந்த நிலையத்தில் வேலை செய்கிறாய் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட கோப்பு என் மேசைக்கு வராது. வழித்தடங்களை வெட்டுவதால் நாங்கள் 'கத்தரிக்கோல்' என்று பெயர் வைத்திருக்கும் என் மேலதிகாரிதான் பார்க்கிறார்.

துறையில் எல்லாருக்கும் தெரிந்ததை வேண்டுமானால் சொல்கிறேன். ஆசிய நிறுவனங்கள் எல்லாம் நெடுந்தூர ஊர்களுக்குத் திரும்பத்தான் பார்க்கின்றன. ஆனால் முதலில் தலைநகரங்களுக்கு. உங்களைப் போன்ற இரண்டாம் வரிசை ஊர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். கையில் விமானம் இல்லை, வாங்கியவை தொழிற்சாலையை விட்டே வெளிவரவில்லை. மூடிக்கிடக்கும் வான்வெளியைச் சுற்றிப் போவதில் எரிபொருள் குடிக்கிறது. உங்கள் ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு முண்டியடித்து ஏறுவார்கள், மற்ற மாதங்களில் பின்வரிசையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டே வரலாம். இப்படித்தான் நான் அன்றைக்குக் கணக்குப் போட்டேன். இன்றைக்குப் போட்டாலும் அதேதான் வரும். அது அம்மாவை எதிர்த்துப் போட்ட கணக்கு இல்லை.

இன்னொன்று. இது ரகசியம் இல்லை, எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். மொத்தப் பயணிகள் எவ்வளவு என்று காட்டி யாரையும் மயக்க முடியாது. கூடுதல் கட்டணம் கொடுத்து முன்வரிசைக்கு யார் வருவார்கள், விமானத்தின் வயிற்றில் என்ன சரக்கு ஏறும், அதைக் காட்டு.

முழுக்கைச் சட்டை எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கையில் ஊசி போடும் இடம் கயிறு முறுக்கியதுபோல் எழும்பியிருக்கிறது. அம்மா பார்த்தால் பாம்பு என்பாள்.

சி.


ஜூன் 21

சின்னவளே,

விமான நிலையங்களும் விமான நிறுவனங்களும் சந்திக்கும் மாநாட்டுக்குப் போய்வந்தேன். உனக்குத் தெரியாததா. எங்களுக்கு ஆளுக்கொரு மேசை. நாங்கள் இருப்பதிலேயே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு படங்களை விரித்துவைத்து உட்கார்ந்திருக்க வேண்டும், உங்கள் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்து போவார்கள். நாற்பத்தாறு வயதில் எனக்குப் பெண் பார்க்கும் படலம்.

உன் கத்தரிக்கோல் வந்தார். மெல்லிய குரலில் பேசும் மனிதர். உன் அக்கா என்று தெரிந்தும் உன் பெயரை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீ சொன்னபடி மொத்தப் பயணிகளின் படத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஊருக்கு வெளியே இருக்கும் இயந்திரத் தொழிற்சாலைக்காரர்களிடம் இரண்டு மாதமாக அலைந்து, முன்வரிசையில் இருக்கை எடுத்துக்கொள்கிறோம், உதிரிப்பாகங்களை இதில்தான் அனுப்புவோம் என்று எழுதி வாங்கியிருந்தேன். அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"இதை நீங்க முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்றார்.

"நீங்க போவீங்கன்னு நாங்க நினைக்கலை" என்றேன்.

இதைச் சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். வேலை விஷயமாகப் பேசும்போது அம்மாவை நினைக்கக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் தீர்மானித்துக்கொள்கிறேன். ஆனால் நான் வேலையே அதற்காகத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் என்னை ஊர் நலனுக்காக உழைப்பவள் என்று நினைக்கிறார்கள். எங்கள் இயக்குநர் கூட்டத்தில் கைதட்டச் சொன்னார். எனக்கு வேண்டியது அந்த விமானத்தில் ஒரே ஒரு இருக்கை, ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு அது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றுகிறது.

அம்மா இப்போது குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கேட்டால், "சுவத்துல விரிசல் இருக்கான்னு பாக்கறேன்" என்கிறாள்.

அக்கா


ஆகஸ்ட் 2

சின்னவளே,

வந்துவிட்டது. குளிர்கால அட்டவணைக்கு உங்கள் நிறுவனம் எங்கள் நிலையத்தில் நேரம் கேட்டிருக்கிறது. வாரம் மூன்று நாள், காலையில் வந்து மதியம் புறப்படுகிறது. திரையில் உங்கள் நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறியீட்டைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, பல்லியா" என்றாள்.

எனக்குத் தெரியும். நேரம் கேட்பது என்பது வருவதாகாது. இடம் பிடித்துவைக்கத் துண்டு போடுகிறார்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பாதிப் பேர் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: கெடு முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நீ அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சத்தம் போடவில்லை, அழவில்லை. "நடுவுல எங்கயும் இறங்க வேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "அப்ப நான் நடந்து பழகணும்" என்றாள். அன்று சாயங்காலத்திலிருந்து அடுக்குமாடியின் பொது நடையில் குழாயும் ஆக்ஸிஜன் உருளையுமாக நடக்கிறாள். எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு, "விமானத்துல உள்ள நடக்கணுமில்ல" என்றாளாம்.

இருதயத்தில் ஏதோ பரிசோதனை செய்ய மருத்துவமனையில் சேரச் சொல்லியிருந்தார்கள். போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே தள்ளிவைத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

உடம்பு பரவாயில்லை. நேற்று இயந்திரத்தில் இருக்கும்போது இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, காலைத் தூக்கிவைத்துச் சரிசெய்தார்கள். என் வீட்டுக்காரர் வெளியே காரில் தூங்கிக்கொண்டிருந்தார், அவரிடம் சொல்லவில்லை.

அம்மாவை மருத்துவமனைப் பரிசோதனைக்கு அனுப்பு. தள்ளிவைக்காதே. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்.

அப்புறம், அம்மாவுக்குப் புதுச் செருப்பு ஏதும் வாங்காதே. அவளுக்குக் கால் வீங்கும். இருக்கிற பழசே போதும். இப்போதைக்கு எதுவுமே வாங்காதே.

வேறொன்றும் இல்லை.

சி.


ஆகஸ்ட் 20

சின்னவளே,

உன் கடிதம் வந்தபோது செருப்பு ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது. சாம்பல் நிறம், மெத்தென்ற அடி, குனியாமல் ஒட்டிக்கொள்ளும் பட்டை. கடைக்காரர் அம்மாவின் காலைத் தன் முழங்கால்மேல் வைத்து மாட்டிவிட்டார். "எங்க பயணம்மா?" என்று அவர் கேட்க, இவள் கடைக்கே கேட்கும்படி, "பொண்ணுகிட்ட. நேரா போற விமானம்" என்றாள்.

நீ வாங்காதே என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். "செருப்புல கூடவா கணக்குப் பாக்கறா அவ? அந்தக் கணக்குதான அவ வேலை" என்று சிரித்தாள், சிரித்து இருமினாள், இருமல் நிற்க ரொம்ப நேரம் ஆனது. எனக்கும் கொஞ்சம் கோபம்தான். அவள் எதற்காவது ஆசைப்பட்டு எத்தனை வருடம் ஆகிறது.

இங்கே உடைந்த நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். கயிற்றை அவிழ்த்தாயிற்று. உங்கள் பெயர்ப்பலகைமேல் இருந்த துணியை நானே எடுத்துத் துடைத்தேன். சக்கர நாற்காலிப் பிரிவுப் பெரியவர் அம்மாவைத் தானே தள்ளிக்கொண்டு போய் இருக்கைவரை விடுவதாகச் சொல்லியிருக்கிறார். பரிசோதனைக்கு மட்டும் அவள் அசைய மாட்டேன் என்கிறாள்.

அக்கா


செப்டம்பர் 3

பிடித்துவைத்த நேரத்தை நேற்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது. ஒரே வரி: தற்போதைய சூழலில் இயலவில்லை, அடுத்த கோடைக்குப் பிறகு மறுபரிசீலனை செய்யப்படும். கீழே உன் மேலதிகாரியின் கையெழுத்து.

தொழிற்சாலைக்காரர்களுக்கு நான்தான் ஃபோன் செய்து சொன்னேன். இயக்குநருக்கு நான்தான் சொன்னேன். அம்மாவுக்குச் சொல்ல வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். உள்ளே அவள் நடந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. புதுச் செருப்புக்குச் சத்தம் கிடையாது, உருளையின் சக்கரம்தான்.

சொன்னேன். "சரி" என்றாள். செருப்பைக் கழற்றிப் பெட்டிக்குள் தாள் சுற்றி வைத்தாள். அதற்குப் பிறகு நடக்கவில்லை.

படுக்கையில் கிடக்கும்போது உன் ஆகஸ்ட் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து திறந்து பார்த்தேன். புதுச் செருப்பு வாங்காதே. இப்போதைக்கு எதுவுமே வாங்காதே. பரிசோதனையைத் தள்ளிவைக்காதே.

உனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே, அம்மா நடந்து பழகுவதை நான் எழுத எழுதப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாய். அந்நியர்கள்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரு ஃபோன் போட்டு, 'அக்கா, வராது' என்று சொல்ல உனக்கு வாயில்லாமல் போயிற்றா?

உன் ஊர் விமானமும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று எழுதலாம் என்றிருந்தேன். அதை எழுத என்னால் முடியவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.


செப்டம்பர் 10

அக்கா,

ஆமாம், தெரியும். கோப்பு என் மேசைக்கு வராது, ஆனால் மேசைகளுக்கு நடுவில் சுவர் இல்லை. உங்களுக்கு ஒதுக்க நினைத்த விமானத்தை ஒரு தலைநகரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது காதில் விழுந்தது.

நான் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? சும்மா இருந்திருக்க மாட்டாய். இருந்தால் நீ என் அக்கா இல்லை. கத்தரிக்கோலுக்கு ஃபோன் போட்டிருப்பாய், உங்கள் இயக்குநர் அமைச்சர்வரை போயிருப்பார், யார் சொன்னது என்ற கேள்வி என்னிடம் வந்து நின்றிருக்கும். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல நான் தயார். ஆனால் நான் டயாலிசிஸுக்கு உட்காரும் நாற்காலிக்கு இந்த வேலை கொடுக்கும் காப்பீடுதான் பணம் கட்டுகிறது. வேலை போனால் நாற்காலி போய்விடும். நாற்காலி போனால் எனக்கு ஒரு வாரமோ, பத்து நாளோ.

இதை உனக்கு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உயிருக்குப் பயந்து அம்மாவை ஏமாற்றினேன் என்றுதான் இதற்கு அர்த்தம். செருப்பு என்று எழுதினால் நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். சின்ன வயதில் அப்பா வரும் சத்தம் கேட்டால் நான் 'செருப்பு' என்பேன், நீ கதைப்புத்தகத்தை ஒளித்துவிடுவாய். நினைவிருக்கிறதா? அதை எழுதிவிட்டு, நீ பிடித்துக்கொள்வாய் என்று நாலு நாள் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் அந்தக் கடைக்காரர் கதை வந்தது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில் இரண்டு விமானம் மாற்றி அவளைக் கூட்டிவந்துவிடாதே. நீ செய்யக்கூடியவள்.

சி.


அக்டோபர் 2

சின்னவளே,

செருப்பு நினைவிருக்கிறது. அன்றைக்கு நினைவு வரவில்லை. நான் விமானத்தைத் தவிர வேறெதையும் யோசிக்காமல் இருந்த மாதம் அது.

இப்போது சொல்லப்போவதை நான் முடிவு செய்யவில்லை என்பதை நம்பு. போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசி முடித்து ஃபோனை வைத்ததும் அம்மா கேட்டாள்:

"அவளுக்கு என்னடி உடம்பு?"

"ஒண்ணுமில்லையே, லீவுதான்..."

"அரைமணி நேரம் பேசறா, ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குறா. உதட்டை நனைச்சு வச்சுடறா. சொம்போட தூக்கிக் குடிச்சு மூக்குல ஏறி முழிச்சவ அவ. அந்த வெயில்ல கை மூடின சட்டை. மூஞ்சி ஒரு நாள் ஊதியிருக்கு, மறுநாள் வத்தியிருக்கு. கிட்னிதான?"

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். "நீ நேரா போற விமானத்துக்கு அலையறதுக்கு முன்னாடியே" என்றாள். "என்னை ஊர் பாக்கவா கூட்டிட்டுப் போறேன்னு நினைச்சே? அவளால வர முடியலை. அப்ப நான்தான் போகணும்."

அவள் நம்மிடம் கேட்காமல் இருந்ததும், நாம் அவளிடம் சொல்லாமல் இருந்ததும் ஒரே அறைக்குள் நடந்திருக்கிறது.

மருத்துவரிடம் அவளே பேசினாள். நான் சொல்லித்தான் பார்த்தேன்: அடுத்த கோடைக்குப் பிறகு மறுபடி பார்ப்பார்கள், விமானங்கள் வெளிவந்துவிடும், நான் விடமாட்டேன் என்று. அவள் மருத்துவரைப் பார்த்து, "அடுத்த கோடை வரைக்கும் நான் இருப்பேனா சார்?" என்றாள். ஆபத்து எடுத்துச் சொல்லப்பட்டது என்று அவர் எழுத, கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டு விமானத்துக்கும் ஆக்ஸிஜன் ஏற்பாடு செய்ய இன்னொரு நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் தேதி கிளம்புகிறோம். நானும் வருகிறேன்.

அக்கா


அக்டோபர் 6

அக்கா,

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். நான் அவளை வழியிலேயே கொன்றேன் என்று மிச்ச நாளையும் ஓட்ட என்னால் முடியாது. திரையில் பார்த்தால் போதும். குட்டைக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறேன், எல்லாவற்றையும் காட்டுகிறேன், அவளிடம் சொல்.

கேட்க மாட்டாள் அவள், தெரியும்.

நடைப்பக்க இருக்கையாக, கழிப்பறைக்கு முன்வரிசையில் கேள். ஆக்ஸிஜன் உங்கள் வரிசைக்கே வந்துவிட்டதா என்று கதவு மூடுவதற்கு முன் நீ கண்ணால் பார். மாறுகிற இடத்தில் நடக்க விடாதே, அவள் நடக்கிறேன் என்பாள். இரண்டாவது விமானம் ஏறும்போது அவள் உதட்டு நிறத்தைப் பார். நீலமாக இருந்தால் ஏற்றாதே. எவ்வளவு அழுதாலும் ஏற்றாதே.

அவர் கார் எடுத்துக்கொண்டு வருவார். அன்றைக்கு எனக்கு டயாலிசிஸ். மாற்றச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார்கள். ஜன்னல் பக்கம் நாற்காலி கேட்டிருக்கிறேன்.

சி.


அக்டோபர் 19, நடு வழியில்

சின்னவளே,

எந்த ஊர் என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பெரிய கூடம், எங்கே பார்த்தாலும் ஆட்கள். நாங்கள் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

கிளம்பும்போது எங்கள் நிலையத்தின் வெளிநாட்டுப் பகுதி மறுபடி கயிறு கட்டியிருந்தது. நாங்கள் உள்ளூர் வாசல் வழியாகத்தான் போனோம். பெரியவர் சொன்னபடியே அம்மாவை இருக்கைவரை விட்டார். உங்கள் கவுண்டரைத் தாண்டும்போது அம்மா நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். மறுபடி துணி மூடிய பலகையைப் பார்த்துவிட்டு, "இதுக்காடி இவ்வளவு அலைஞ்சே?" என்றாள். நாற்காலியைத் தள்ளுங்கள் என்றேன்.

முதல் ஏற்றம் மோசம். பணிப்பெண் அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, "என் கண்ணைப் பாத்து மூச்சு விடுங்க" என்றாள். அம்மா அவள் கண்ணைப் பார்க்காமல் என் கையை நசுக்கினாள். விமானம் சமநிலைக்கு வந்த பிறகுதான் என் விரல்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

கண்ணாடிக்கு வெளியே உங்கள் நிறுவனத்தின் விமானம் ஒன்று நிற்கிறது. எங்களுக்கு வந்துகொண்டிருந்த அதே ரகம். எங்கேயோ தலைநகரத்துக்குப் போகிறது. அது திரும்பி எங்கள் ஊருக்கு வருமா என்று யாராவது இப்போது கேட்டால், என்றைக்காவது வரும் என்பேன். சரக்கு இருக்கிறது, முன்வரிசைக்கு ஆள் இருக்கிறது, புது விமானங்கள் வெளிவரும். நல்ல தடம்தான். அதில் ஏற வேண்டியவள் இங்கே ஒரு தூணில் சாய்ந்திருக்கிறாள்.

நீ பார்க்கச் சொன்னாய், பார்த்தேன். உதடு நீலம் இல்லை. சிவப்பும் இல்லை. நான் இதற்கு மேல் பார்க்கப் போவதில்லை, என்னை மன்னித்துக்கொள்.

இரண்டாவது அழைப்பு வந்துவிட்டது. எங்களை முதலில் ஏற்றுவார்களாம். அம்மாவின் கால் நன்றாக வீங்கியிருக்கிறது, புதுச் செருப்பின் பட்டை ஒட்டவில்லை, திறந்தே கிடக்கிறது. நான் எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அவளுக்கா?"

"ஆமா."

"செருப்பு கடிக்கலைன்னு எழுது."